பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்த பெட்டி

ஜப்தி செய்த மாட்டை ஏலம் விடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நோட்டீஸ் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊரில் தண்டோரா போட வேண்டும். குறித்த நாளில், குறித்த இடத்தில், பட்டப்பகலில் ஏலம் நடக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, இது அவன் மாடு இல்லை, என் மாடு, மேய்ச்சலுக்கு விட்டிருந்தேன் என்று சொன்னால் போதும். ஏலத்தை நிறுத்திவிட்டு அவனை விசாரிக்க வேண்டும். சொல்கிறவன் குடித்திருந்தாலும் விசாரிக்க வேண்டும். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் மாடு, வண்டி, பம்ப்செட் என்று எத்தனையோ ஏலம் விட்டிருக்கிறேன். சர்க்காருக்கு இரக்கமில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. தேவனுடைய வீட்டில் அன்றைக்கு அதுகூட இல்லை.

எழுபதுகளில் நடந்தது இது. தேனியில் குடியிருந்தபடி நான் பெரியகுளம் தாலுகா அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் சபைக்கு நான்தான் செயலாளர். செயலாளர் என்றால் கடிதம் எழுதுகிறவன், கூட்டம் கூட்டுகிறவன், கூடிய கூட்டத்தில் யாரும் கேட்க விரும்பாததைச் சொல்கிறவன். சபையின் பெரிய குடும்பங்கள் எல்லாம் கடைத்தெருக் குடும்பங்கள். ஜவுளி, மளிகை, இரும்பு, கமிஷன் மண்டி. கை தாராளம். காணிக்கைத் தட்டு ஒருநாளும் இளைத்துப் போனதில்லை.

சின்னமனூரைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு நீளமான கட்டடம். அதுதான் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் பொறுப்பில் இருந்த வேதாகமப் பள்ளி. கிராமத்துச் சபைகளுக்கு உபதேசியார்களை அங்கே தயார் செய்தார்கள். ஒரே ஆசிரியர். அவரே முதல்வர், அவரே விடுதிக் காப்பாளர், சமையல்காரர் வராத நாளில் அடுப்பு ஊதுகிறவரும் அவரே. மாணவர்கள் கோம்பையிலிருந்தும் வடுகபட்டிப் பக்கத்திலிருந்தும் மலை எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்தவர்கள். எல்லாரும் கூலி வேலை பார்த்துவிட்டு, வயது கொஞ்சம் ஏறிய பிறகு படிக்க வந்தவர்கள்.

விடுதிக் கணக்கைத் தணிக்கை செய்ய முதல்முறை அங்கே போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாணவர் கையிலும் காலண்டர் அட்டை ஒட்டிய ஒரு கட்டு இருந்தது. பாட்டுப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆசிரியரைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கென்று உருப்படியாக இருந்தது ஒரு வேதாகமம். ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாரும் எப்படிப் படிப்பது? அதன் முதுகுத் தையலைப் பிரித்துவிட்டார் ஆசிரியர். ஆகமங்கள் ஒரு கட்டு, ராஜாக்கள் ஒரு கட்டு, சங்கீதம் ஒரு கட்டு, தீர்க்கதரிசிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டு, சுவிசேஷம் ஒரு கட்டு, நிருபங்கள் ஒரு கட்டு. சனிக்கிழமை சாயங்காலம் கட்டுகள் கை மாறும். ஒருவன் ஒரு வாரம் ராஜாக்களோடு குடியிருப்பான். அடுத்த வாரம் அவர்களைப் பக்கத்துப் பாய்க்காரனிடம் ஒப்படைத்துவிட்டு மத்தேயுவோடு குடியேறுவான்.

அன்றைக்கு ஒரு கட்டு குறைந்தது. தணிக்கைக்காரனுக்குக் குறைகிறதுதான் முதலில் கண்ணில் படும். எங்கே என்றேன்.

ஆசிரியர் சங்கடப்படாமல் சொன்னார். "எரேமியா காச்சலோட ஊருக்குப் போயிருக்கு சார். பையன் சொகமானதும் ரெண்டு பேருமா வந்துருவாக."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சிரிப்பு போய்விட்டது. தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல் விதிகள் அடங்கிய கையேடு மேசைக்கு ஒன்று இருந்தது. யாரும் திறப்பதில்லை, இருந்தாலும் இருந்தது. வேதத்தைப் போதிக்கப் போகிறவர்களுக்கு வேதம் வாரமுறையில் வந்தது.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்தவர். முப்பதை நெருங்கிய வயது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிக்கிற வேலை பார்த்தவர். புகையில் நின்று நின்று குரல் கரகரத்திருந்தது. மனைவியும் குழந்தையும் இன்னும் எஸ்டேட் லயத்தில்தான் இருந்தார்கள். மனைவியின் கூலியில்தான் அந்தக் குடும்பம் ஓடியது. படிப்பு முடிந்தால் மலைச் சபை ஒன்றில் உபதேசியார் வேலையும் தங்க ஒரு வீடும் கிடைக்கும். அதற்கு மதுரையில் ஒரு தேர்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும். சொந்த வேதாகமத்தோடு வர வேண்டும். அவர்கள் குறிக்கும் பகுதியை அங்கேயே திறந்து வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. இரண்டு முறைதான் வாய்ப்பு என்பதும் விதி.

முதல் முறை ஆசிரியரின் வேதாகமத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போனார். ரோமர் நிருபத்திலிருந்து கேட்டார்கள். நிருபங்களின் கட்டு அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஓட்டு ஒழுகலில் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, வெயிலில் காயவைத்தும் பிரியாமல் போயிருந்தது. ஆனபடியால் ரோமரை அவர் அறிந்தது ஒரே ஒரு வாரம். தோற்றுத் திரும்பினார். என்னிடம் சொல்லும்போது தேர்வாளர் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

"எசேக்கியேல்ல கேட்டிருந்தா வெளுத்து வாங்கியிருப்பேன் சாரே. அவுகளுக்கு எப்படித் தெரியும், ஏங்கிட்ட எது இருந்துச்சுன்னு?"

சாரே என்றுதான் கூப்பிடுவார். மலையாளம் புழங்கும் எஸ்டேட்டில் ஒட்டிக்கொண்ட வழக்கம்.

வேதம் படிக்கும் மாணவர்களுக்கு இலவசமாக வேதாகமம் அனுப்பும் சங்கம் ஒன்று பட்டணத்தில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதற்கும் முறை உண்டு: முதல்வர் சான்றிதழ், சேகரத் தலைவரின் மேலொப்பம், செயலாளரின் முகப்புக் கடிதம். மூன்றையும் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். மறுபடி நினைவூட்டினேன். நினைவூட்டுவதில் என்னைச் சலிக்கவைத்த அலுவலகம் இந்தியாவில் இல்லை. கடைசியில் பெட்டி வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து வரும் ரயிலில் வந்து, தேனி ஸ்டேஷனில் இறங்கி, சேகரத்தின் பெயருக்கு இருந்ததால் ரசீதோடு பொருளாளரிடம் போனது. அவர் தன் கடைக் கைவண்டியில் ஏற்றி, ஆலயத்துப் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பொருளாளர் ஜவுளிக்கடை முதலாளி. கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். ஏழை வீட்டுச் சாவு என்றால் கோடித்துணி தானாக வந்துவிடும். ஆனால் எதையும் சபையறிய, கைதட்டலறியக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி என்று நம்பியவர். பெட்டியைப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றேன். அறுப்பின் பண்டிகை வருகிறது, மதுரையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார், அவர் கையால் பிரதிஷ்டை பண்ணிக் கொடுப்போம் என்றார். தேர்வு நெருங்குகிறது என்றேன்.

"என்ன சார் அவசரம்? வேதம் எங்கன ஓடிப்போகப் போகுது?"

ஓடிப்போகும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சபையில் விளைந்தது எல்லாம் ஆலயத்துக்கு வரும். நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய்க் குலை, கம்பம் திராட்சை, வடுகபட்டிப் பூண்டு, கால் கட்டிய சேவல். நிலம் இல்லாத கடைக்காரர்கள் கடையில் விளைந்ததைக் கொண்டுவருவார்கள்: ஜவுளி, சோப்பு, எவர்சில்வர் பாத்திரம். எல்லாவற்றையும் பீடத்துப் படியில் வைத்து ஜெபித்துவிட்டு, வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பது ஆசீர்வாதம். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு முதலாளிகள் மல்லுக்கு நின்று, அந்த விலைக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டமே வாங்கலாம் என்கிற அளவுக்கு ஏற்றிவிடுவார்கள். அது ஒரு சந்தோஷம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத, ஆனால் எழுதிய எல்லாச் சட்டத்தையும்விடக் கறாரான சட்டம். பண்டிகையன்று பீடத்துப் படியில் வைத்த எதுவும் வீட்டுக்குத் திரும்பாது; ஏலத்துக்குத்தான் போகும். இதற்கு முன்னுதாரணம்கூட உண்டு. ஒரு வருடம் ஓர் ஆசிரியை தன் பிள்ளையின் பால் புட்டிக் கூடையைத் தவறுதலாக அந்தப் படியில் வைத்துவிட்டுப் பாட்டுப் பாடப் போனார். கூடையை ஏலத்தில் எடுத்துத்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடிந்தது. பிள்ளை அழ அழ விலை ஏறியது. எல்லாரும் சிரித்தார்கள், அந்த ஆசிரியையும் சிரித்தார்.

பண்டிகையன்று காலையில் நான் ஆலயத்துக்குள் நுழைந்தபோது பெட்டி ஏற்கெனவே பீடத்துப் படியில் இருந்தது. பெரிய பூசணிக்காய் ஒன்றுக்குப் பக்கத்தில். மூடியைக் கழற்றி, கறுப்பு அட்டை போட்ட புதுப் புத்தகங்களை எல்லாரும் பார்க்கும்படி அடுக்கிவைத்திருந்தார் கோயிலைக் கூட்டித் துடைத்து மணி அடிக்கும் கோயில்பிள்ளை. பொருளாளர் வைக்கச் சொன்னார் என்றார். பிரதிஷ்டைக்கென்று தனியாக ஒரு ஆராதனை எதற்கு, ஒன்றாகவே முடித்துவிடலாம் என்று பொருளாளருக்குத் தோன்றியிருக்கிறது. சிறப்பு விருந்தினரும் பூசணிக்காய், பூண்டு, சேவல், வேதாகமம் எல்லாவற்றையும் ஒரே ஜெபத்தில் முடித்தார். சேவல் நடுவில் ஒருமுறை கூவியது.

பள்ளி மாணவர்களை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வேட்டி வெளுத்துக் கட்டிக்கொண்டு ஆசிரியரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் படியிலிருந்த பொருள்களைப் பந்தலுக்குச் சுமக்க ஆள் தேவைப்பட்டது. வாட்டசாட்டமான பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று அவர்களையே கூப்பிட்டார்கள். மூட்டையையும் வாழைத்தாரையும் தூக்கினார்கள். பெட்டியையும் தூக்கினார்கள். மலைக்காரர் ஒரு பக்கம், கோம்பைக்காரர் ஒரு பக்கம். தங்களுக்கு வெளியே வைத்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் தூக்கினார்கள்.

ஏலம் கூறியவர் கமிஷன் மண்டிக்காரர். தினமும் மூட்டைகளை ஏலம் விட்டுப் பழகிய தொண்டை. பூசணிக்காய் போனது, பூண்டு போனது, சேவல் போனது. அடுத்து அவர் கை பெட்டிக்குள் போனது. ஒரு வேதாகமத்தை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, முதல் கேள்வி யாருடையது என்றார்.

நான் எழுந்தேன். இது ஏலப் பொருள் இல்லை, பள்ளி மாணவர்களுக்கென்று வந்தது, சேகரத்துக்கு இதன்மேல் உரிமை கிடையாது, கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு மட்டும்தான் உண்டு என்றேன். அந்த நேரத்திலும் வார்த்தைகளை வரிசையாகத்தான் சொன்னேன்.

"பீடத்துல வச்சாச்சுல்ல சார்" என்றார் மண்டிக்காரர். "வச்சது வச்சதுதான். பால் புட்டியவே விடல."

கூட்டம் சிரித்தது. நான் போதகரைப் பார்த்தேன். வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர். அவர் பொருளாளரைப் பார்த்தார். கமிட்டி என்ன நினைக்கிறதோ அப்படி என்று சொன்னார். சிறப்பு விருந்தினரோ இது இந்த ஊர்ப் பக்தியின் ஒரு வகை போலிருக்கிறது என்று முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். பொருளாளர் என் பக்கம் குனிந்து, என் தோளில் கைவைத்துச் சொன்னார்.

"விடுங்க சார். எடுக்கிறவுக அவுகளாவே பிள்ளைகளுக்குக் குடுத்துருவாக. ரெட்டை ஆசீர்வாதம்."

இதை அவர் உண்மையாகவே நம்பிச் சொன்னார். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். ஒரு திருடனை எதிர்க்க வழி இருக்கிறது. தவறு செய்துகொண்டே புண்ணியம் செய்வதாக மகிழ்கிறவரை எந்த விதியின் கீழ் நிறுத்துவது?

மாட்டுக்குக் கிடைக்கும் விசாரணை வேதாகமத்துக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக ஏலம் போயிற்று. நல்ல விலை, பூசணிக்காயைவிட நல்ல விலை. இரண்டு ஜவுளிக் குடும்பங்கள் போட்டி போட்டன. எடுத்தவர்கள் புத்தகத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடப் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் மாணவர்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியர் எங்கோ நகர்ந்துவிட்டார்.

கடைசிப் புத்தகத்துக்குக் கேள்வி தொடங்கியபோது, கரகரத்த குரல் ஒன்று கேட்டது. மலைக்காரர். கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னார். அது அவர் ஊருக்குப் போக வைத்திருந்த பஸ் காசு என்று பிறகு தெரிந்தது.  உடனே முன்வரிசையிலிருந்து மேல்கேள்வி வந்தது. கேட்டவர் வெல்ல மண்டிக்காரர், இந்து. ஆண்டுதோறும் கடைத்தெருப் பழக்கத்துக்காக அழைப்போம், ஆண்டுதோறும் மரியாதைக்கு வந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவார். மலைக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். வெல்ல மண்டிக்காரர் மறுபடியும் ஏற்றினார்.

"மலைக்காரரு கேக்காரு, விட்டுக்குடுக்கலாமாய்யா?" என்று யாரோ உசுப்பிவிட்டார்கள். சிரிப்பு.

மலைக்காரரும் சிரித்தார். கையை இறக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டிருப்பேன்.

அவசரக் கூட்டம் கேட்டேன். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கோரம் சேர்த்து, கூட்டம் நடந்தது. பிறர் பொருளை ஏலம் விட்டால் அந்த ஏலம் செல்லாது என்று அரை மணி நேரம் பேசினேன். மூன்று தரம் கூறி முடித்த பொருளின்மேல் சபைக்கு இனி உரிமை இல்லை என்று பதில் வந்தது. எனக்கே சட்டம் சொன்னார்கள். ஏலத் தொகையை ஆலயத்தின் புது இரும்புக் கேட்டுக்கு ஒதுக்கத் தீர்மானித்தார்கள். சங்கத்துக்கு மறுபடி எழுதி இன்னொரு பெட்டி வாங்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பள்ளிக்கு ஒருமுறை கொடுத்தால் சில வருடங்களுக்கு மறுபடி கொடுக்கமாட்டார்கள் என்றேன். அதை மினிட்டில் ஏற்ற வேண்டாம் என்றார்கள்.

மிச்சம் இருந்தது வாசல் வாசலாகப் போவதுதான். அதற்கு முறை கிடையாது. போனேன்.

முதல் வீட்டில் வேதாகமம் கண்ணாடி ஷோகேஸுக்குள் சிங்கப்பூர் பொம்மைக்கும் சங்குக்கும் நடுவில் நின்றது. கேட்டதும் தாராளமாகச் சம்மதித்தார்கள். ஆனால் ஷோகேஸ் சாவி மருமகளிடம் இருக்கிறதாம், மருமகள் மதுரைக்குப் போயிருக்கிறாளாம். நான் கேட்டுப் போன நாளெல்லாம் அந்த மருமகள் மதுரையில்தான் இருந்தாள். இன்னொரு வீட்டில் கோம்பை நாய் ஒன்று என்னைக் கேட்டிலேயே நிறுத்திவைத்தது; அந்த வீட்டு அம்மா வாசலுக்கு வந்து பேசினார்.

"ஆசீர்வாதம்னு எடுத்துட்டு வந்துருக்கோம். அதப் போயித் திருப்பிக் கேக்கீகளே சார். நாளைக்கு வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்த வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கொன்று இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். பொருளாளரும் ஒன்று எடுத்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு மேடையில் வைக்க வேண்டும் என்று எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னார். மகன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான்.

அவர்களாகவே கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னீர்களே என்றேன்.

"குடுப்பாக சார்" என்றார். "நீங்க போயிக் கேட்டுக் கேட்டுத்தான் கெடுக்கீக. தானா வரணும்."

கடைசியாக வெல்ல மண்டிக்குப் போனேன். அங்கே போக மனமே இல்லை. சொந்தச் சபையில் கிடைக்காததை வேற்றார் வீட்டு வாசலில் நின்று கேட்பது என்றால், அது என் மதிப்பைவிடச் சபையின் மதிப்பு. அப்படியும் போனேன். தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது.

முதலாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அன்றைக்குக் கையைத் தூக்கியவர் படிக்கிற மாணவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"கோயில் காரியம், ஏத்திவிட்டாச் சந்தோசப்படுவாகன்னு ஏத்திவிட்டேன் சார். படிக்கிறதுக்குக் கேக்காகன்னு ஒருத்தரும் சொல்லலையே."

சொன்னேன், சிரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

வேதாகமம் அவர் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றி, அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, படங்களுக்குக் கீழே வைத்திருந்தார்கள். எடுக்கப் போன முதலாளியை அவர் மனைவி தடுத்துவிட்டார். எனக்கு மறுபடியும் அந்த மதுரை மருமகள் ஞாபகம் வந்தது.

"இன்னைக்குச் செவ்வாக்கெழம அய்யா. சாமி பொஸ்தகத்தச் செவ்வாக்கெழம வெளிய அனுப்ப மாட்டோம். நாளைக்கு ராகுகாலம் கழிச்சு வாங்க, எடுத்து வைக்கேன்."

மறுநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். சொன்ன நேரத்துக்கு, வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். முதலாளி எழுந்து நின்று கொடுத்தார். அந்தப் பெட்டி தேனியில் இறங்கிய நாளிலிருந்து அதைச் சேர்ந்த ஒரு பொருளுக்கு முறைப்படி ஏதாவது நடந்தது என்றால், அந்த வீட்டில்தான் நடந்தது. இதை எங்கள் கமிட்டியில் சொல்லவும் செய்தேன். அன்றிலிருந்து இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். எனக்கு அதனால் நேரம் மிச்சம்.

பஸ் ஏறிச் சின்னமனூர் போய், வாழைத் தோட்டத்து வரப்பில் நடந்து, மலைக்காரர் கையில் கொடுத்தேன். அட்டையில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் கொடுத்தது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து ரோமரைத் தேடி எடுத்தார். நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். எனக்கு மோர் கொடுக்க வந்த ஆசிரியரை அவர் கவனிக்கவே இல்லை. நான் மோரைக் குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினேன்.

தேர்வு நடந்த அறைக்குள் நான் இல்லை. அவர் வந்து சொன்னதுதான். தேர்வாளர்களில் மூத்தவர் முதலில் அட்டையைத்தான் பார்த்தாராம். எந்தக் கோயிலில் வாங்கினாய் என்று கேட்டாராம். இவர் பந்தல் ஏலத்திலிருந்து தாம்பாளம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்.  பிறகு, விளக்குவதற்கு எந்தப் பகுதி வேண்டுமோ நீயே எடுத்துக்கொள் என்றார்களாம்.

"நீங்களே குறிங்கய்யான்னு சொல்லிட்டேன் சாரே. முழுசாப் படிச்சிட்டு வந்தவன் எதுக்குப் பொறுக்கணும்?"

தேறிவிட்டார். மலைச் சபை ஒன்றில் வேலையும் போட்டார்கள். இதைக் கேட்டுப் பொருளாளர் அடைந்த மகிழ்ச்சி பொய் இல்லை. பார்த்தீர்களா சார், கர்த்தர் தேறவைக்க நினைத்தால் தேறவைப்பார் என்று கடையில் நாலு பேர் முன்னால் என்னிடம் சொன்னார். கர்த்தருக்கு ஓர் அரை நாள் லீவு தேவைப்பட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

புது உபதேசியாரை வழியனுப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வைத்தார்கள். பள்ளி மாணவர்களும் வந்திருந்தார்கள். சால்வை, மாலை, பாராட்டு. பழைய சிறப்பு விருந்தினர் மறுபடியும் வந்திருந்தார். மேடை ஒன்று கிடைத்தால் பொருளாளரின் கை தாராளம் தாங்காது. மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வேதாகமத்தைக் கொண்டுவந்து, அட்டையைச் சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் பிரிக்காமல், போட்டோக்காரர் தயாராகும்வரை காத்திருந்து, உபதேசியார் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள்.

உபதேசியார் வணங்கி வாங்கிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கினார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. நேரே பின்வரிசைக்கு நடந்து, பெட்டியின் மறுபக்கத்தைத் தன்னோடு சேர்ந்து தூக்கிய கோம்பைக்காரரிடம் புத்தகத்தைக் கொடுத்தார். அடுத்த வருடம் மதுரைக்குப் போக வேண்டியவர் அவர்.

பொருளாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏலே, ஒனக்குக் குடுத்ததுப்பா அது. இன்னும் அதுல பேருகூட எழுதல."

"ஏங்கிட்ட ஒண்ணு இருக்குய்யா" என்றார் உபதேசியார். "பேரு எழுதறதுக்குள்ள யாராவது விலை கேட்டுருவாகளோன்னு பயந்துட்டேன்."

ஏலம் கூறிய மண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். கொஞ்ச நேரத்தில் பொருளாளரும் சேர்ந்துகொண்டார். அப்படித்தான் எங்கள் சபை. எதைச் சொன்னாலும் சிரித்துவிட முடிந்தது அவர்களால். ஷோகேஸ் வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனார்கள். எந்த ஷோகேஸும் திறக்கவில்லை.

அடுத்த கமிட்டியில், இந்த அன்பளிப்பை மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்றார் பொருளாளர். ஏற்றி வாசித்தேன். பொருளாளர் அவர்கள் ஒரு வேதாகமத்தை உபதேசியாருக்கு அன்பளிப்பாக அளித்தார்கள் என்பது முதல் வாக்கியம். மாணவர்களுக்கென்று வந்து ஏலத்தில் போனவற்றுள் அதுவும் ஒன்று என்பது இரண்டாவது. முதல் வாக்கியத்தை ஏகமனதாக ஏற்றார்கள். இரண்டாவது வாக்கியத்தை நீக்க வேண்டும் என்று ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார். எல்லாம் முறைப்படிதான். அதில் நான் குறை சொல்வதற்கில்லை.

நான் அந்த வரியை அடிக்கவில்லை. புத்தகத்தைத் தலைவரான போதகர் பக்கம் திருப்பி வைத்தேன். நீக்குவதானால் தலைவர் தம் கையால் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. விதி என்று நான் சொன்னால் யாரும் சரிபார்ப்பதில்லை.

போதகர் பேனாவைத் திறந்தார். அந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

அடுத்த விஷயம், இரும்புக் கேட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பது.